ஆயக்கட்டு இழந்த ஏரிகள்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வழியாக அம்பத்தூர் வரையில் பரந்து கிடக்கும் சென்னையின் மேற்குப் பிரதேசம், மலையோ ஜீவநதியோ இல்லாத சமவெளி. வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதாலும், தரை கிழக்கு நோக்கி மிக மெல்லச் சரிவதாலும், மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் அதற்குச் சுபாவமாகவே அமைந்துவிட்டன. இந்தச் சுபாவத்தை நன்கறிந்த தொண்டைமண்டலத்தார், சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பி மிஞ்சும் நீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்படி கால்வாய் வெட்டி வைத்தனர். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூருக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்வது இந்த ஏற்பாட்டின்படியேதான்.

இவ்வேரிகளின் உயிர்நிலை கலங்கலில் இருந்தது. கரையின் ஓரிடத்தைத் தாழ்வாக விட்டுக் கல்லால் கட்டி, அதன்மேல் முழங்கால் உயரக் கற்களை இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருப்பார்கள். பெருமழை எதிர்பார்க்கப்படும் நாட்களில் அந்த இடைவெளிகள் திறந்தே கிடக்கும். வெள்ளம் அவற்றின் வழியே தாராளமாக வெளியேறும். மழை ஓயும் தறுவாயில் களிமண்ணும் வைக்கோலும் புல்கரணையும் கொண்டு அவற்றை அடைத்து, கோடைக்காக இன்னும் ஓரடி இரண்டடி நீரைத் தேக்கிக்கொள்வார்கள். அவசரப்பட்டு அடைத்தால் கரை உடையும். உடைந்த ஏரியின் வெள்ளம் கீழுள்ள ஏரியையும் உடைக்கும். தாமதித்து அடைத்தாலோ பயிர் காயும். வானத்தையும் நீர்மட்டத்தையும் பார்த்து அந்த நாளைத் தீர்மானித்தவர் கிராமத்து நீர்க்காவலர். கம்புகட்டி என்றும் நீர்க்கட்டி என்றும் வெவ்வேறு ஊர்களில் அவருக்குப் பெயர். வெள்ளத் தடுப்பும் வறட்சி நிவாரணமும் ஒரே மனிதருடைய ஒரே காரியமாக இருந்த இந்த அமைப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்திலேயே, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு இருந்ததையும், அதன் உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் கூறுகின்றன. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டு ஜாகீரைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டைக் கொண்டு கிராமங்களை அளந்தபோது, களத்து நெல்லில் அரசாங்கத்துக்குப் போகும் பங்குக்கு முன்னரே ஏரி மராமத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்படும் வழக்கம் பதிவாயிற்று. வரி ஏறஏற அந்தப் பங்கு கரைந்துபோனது. கரையைக் காக்க ஆளில்லை என்று கண்ட சர்க்கார் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. ஊரார் தம் விளைச்சலைக் கொண்டு தாமாகவே செய்துவந்த காரியத்தை, அந்த விளைச்சலைக் கவர்ந்துகொண்டபின் தண்டனையைக் காட்டிச் செய்விக்க முயன்றது, நம் நீர்ப்பரிபாலன சரித்திரத்தில் மிகவும் துக்ககரமான அத்தியாயம் என்பேன்.

ஆயினும் வயல் இருந்தவரையில் ஏரிக்கு உரியவர்கள் இருந்தார்கள். சுதந்திரத்துக்குப்பின் நிலைமை வேறாயிற்று. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிஸ பாணிச் சமுதாயத்தை லட்சியமாக ஏற்றுச் சுமார் பத்தாண்டுகளில், அதே ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் தயாராயின; 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அவற்றால் ஆயிரமாயிரம் குடும்பங்கள் பிழைத்தன என்பதை நன்றியுடன் சொல்லவேண்டும். ஆனால் தொழிலாளரும் அவர்தம் சந்ததியும் குடியிருக்க இடம் தேடியபோது வயல்கள் மனைகளாயின. 2001இல் சுமார் 3 லட்சமாக இருந்த அம்பத்தூரின் ஜனத்தொகை 2011இல் 4.6 லட்சத்தைத் தாண்டியது. ஜனநெருக்கடி ஏரியின் பரப்பைத் தின்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது மெய்யே. அரசின் வீட்டுவசதி வாரியமே ஏரிப் பகுதியில் மனை வகுத்துக் கொடுத்ததற்கு ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்னும் முகவரி இன்றைக்கும் சாட்சி. ஆனால் அதனினும் பெரிய நஷ்டம், ஏரி நீர் பாய்ந்த வயல்களாகிய ஆயக்கட்டு அழிந்ததும் ஏரியின் நன்மை தீமையில் தமக்குப் பங்குண்டு என்று எண்ணிய மனிதர்கள் மறைந்துபோனதேயாகும். பாசன நிலம் இல்லாத ஏரியில் மதகு துருப்பிடித்தது, வரத்துக்கால் சாக்கடையாயிற்று, கலங்கலுக்குக் கீழே மிகுநீர் ஓடும் வழியில் வீடுகள் முளைத்தன.

இதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டபோது, எப்போது திறந்திருக்கவேண்டும், எவ்வளவு திறந்திருக்கவேண்டும் என்ற விவாதம் வருஷக்கணக்கில் நீடித்தது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு வில்லிவாக்கத்துக்கு வந்த ரயில், ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் என்று ஏரியுள்ள ஊர்களைக் கடந்தே போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் பாழாயின.

2007இல் இயற்றப்பட்ட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் எல்லை அளக்கவும் ஆக்கிரமிப்பு அகற்றவும் அதிகாரிகளுக்கு வகை செய்கிறது. கரையோரம் வாழ்பவரை ஏரியின் பரிபாலனத்தில் சேர்த்துக்கொள்ள அதனால் இயலவில்லை. ஆனால் கொரட்டூரில் ஓர் அங்குலப் பாசன நிலமும் இல்லாத குடியிருப்புவாசிகள், ஏரியில் கலக்கும் கழிவுநீரைத் தடுக்கவேண்டிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காடினார்கள். நிலத்தடி நீர் கெட்டால் தம் கிணறும், கலங்கல் அடைபட்டால் தம் வீடும் கெடும் என்று உணர்ந்துகொண்ட இவர்களே இந்நாளைய ஆயக்கட்டுதாரர்கள். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் அம்பத்தூரிலிருந்து ரெட்டேரி வரை மிகுநீர் செல்லும் பாதையை அதிகாரிகளுடன் இவர்களும் நடந்து பார்த்து, அடைப்பு எங்கே என்று கையெழுத்திட்டுத் தரும் உரிமையைச் சட்டம் இவர்களுக்கு அளிக்கவேண்டும்.