மணியோசையை வரைந்த ஓவியம்

படத்தில் மணி இல்லை. தூரத்து அடிவானத்தில் ஷாயி ஊர் மாதாகோயிலின் கோபுரம் நகக்கண் அளவுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் ழான் பிரான்சுவா மில்லேயின் 'ஆஞ்சலஸ்' முன்னால் நிற்பவருக்கு மணியோசை கேட்டுவிடுகிறது.

பாரிஸுக்குத் தெற்கே பார்பிசான் கிராமத்தில் வாழ்ந்த மில்லே, 1857க்கும் 1859க்கும் இடையில் இதை வரைந்தார். அகலம் 66 சென்டிமீட்டர்தான். அந்தி நேரம். கிழங்கு தோண்டிய கவைக்கோல் மண்ணில் குத்தி நிற்கிறது. காலடியில் உருளைக்கிழங்குக் கூடை, பின்னால் மூட்டை ஏற்றிய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. பெண் கைகளை நெஞ்சோடு கோத்துக் குனிந்திருக்கிறாள். ஆண் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். வெளிச்சம் அவர்களுக்குப் பின்னால் இருப்பதால் முகங்கள் நிழலில் மங்கிவிட்டன. துயரமா, களைப்பா, பக்தியா என்பதை அந்தக் கைகளையும் கழுத்தின் சாய்வையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மணியடித்துச் சொல்லும் வேண்டுதல்தான் 'ஆஞ்சலஸ்'. அதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'திரிகால செபம்' என்பார்கள். வானதூதர் மரியாளிடம் இயேசுவின் பிறப்பை அறிவித்ததை நினைக்கும் செபம் அது. நல்ல செய்தி. பிறகு படம் ஏன் இப்படிக் கனக்கிறது?

ஓவியர் சால்வடார் டாலிக்கு இந்தக் கேள்வி தீராத பித்தாகவே ஆகிவிட்டது. இறந்த குழந்தையைப் புதைத்துவிட்டு நிற்கும் பெற்றோர் இவர்கள் என்று அவர் நம்பினார். அவர் வற்புறுத்தியதால் 1963இல் லூவர் அருங்காட்சியகம் ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தது. கூடைக்கு அருகே வண்ணத்துக்கு அடியில் பெட்டிபோல ஒரு கறுத்த வடிவம் தெரிந்தது. அதைச் சவப்பெட்டி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படத்தில் சாவின் நிழலைக் கண்டுகொண்ட டாலியின் கண் பொய் சொல்லவில்லை.

அந்த நிழல் எங்கிருந்து வந்தது என்பதை 1865இல் எழுதிய ஒரு கடிதத்தில் மில்லேயே சொல்லியிருக்கிறார். நார்மண்டியில் அவர் சிறுவனாக இருந்த காலம். வயலில் வேலை நடக்கும்போது மணியோசை கேட்டால் பாட்டி ஒருநாளும் விடமாட்டார். எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லி, இறந்துபோனவர்களுக்காக செபிக்க வைப்பார். அவர்களும் பக்தியோடு நிற்பார்கள், தொப்பியைக் கையில் பிடித்தபடி.