போகம், அனுபோகம், போக்கியம்

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், 'இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டபடியால் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வரும். தொகையைக் கவனித்துக் கேட்டவர்கள் இந்த வரியைக் காதில் வாங்குவதில்லை. வழக்கு என்று வந்தால் வக்கீல் தேடுவது இதைத்தான்.

சங்ககிரிப் பக்கத்து மேட்டாங்காட்டில் மழையை நம்பி ஒரு போகம் கடலையோ சோளமோ எடுப்பார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் இரண்டு போகம். அந்தப் போகமும் 'எங்க அனுபோகத்துல இருக்கு' என்பதும் ஒரே வேர். உண்ணுதல், துய்த்தல் என்று பொருள்படும் வடமொழி 'புஜ்' அது. லத்தீன்காரர் நிலத்தைக் கைவசம் வைத்திருப்பதற்கு ஆக்கிய சொல்லில் 'உட்கார்தல்' இருக்கிறது. நம் பத்திரத்துக்கு உட்கார்ந்தால் போதாது. விளைந்ததைத் தின்றிருக்க வேண்டும்.

1792-இல் திப்புவிடமிருந்து சேலம் சீமை கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடிபோட்டார்கள். நிலத்தை அளந்து தீர்வை போட்டு, உழுகிறவன் பேரில் பட்டா. ஆக, பட்டா பிறந்ததே வரிக்கணக்காக. அது மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன, நம்மவர்கள்தான் நம்புவதில்லை. எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று போகத்தையே எழுதி வைப்பது அடங்கல். அனுபோகத்துக்குச் சாட்சி கேட்டால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

ஆனால் தின்றவனெல்லாம் உரிமைக்காரன் இல்லை. அதற்காகவே சட்டத்தமிழ் 'எதிரிடை' என்ற அடைமொழியை முன்னால் ஒட்டியது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, உரிமையாளர் அறியக்கூடிய விதத்தில், வெளிப்படையாக, அவர் உரிமையை மறுத்து, இடையறாமல் 12 ஆண்டு அனுபவித்தால் அவர் வழக்குப் போடும் வழி அடைபடும். அரசு நிலமென்றால் 30 ஆண்டு. 'நாந்தான் உழுதுக்கச் சொன்னேன்' என்று உரிமையாளர் நிரூபித்துவிட்டால் அத்தனை வருடமும் கணக்கில் வராது. குத்தகைக்காரர் தோற்பது இந்த இடத்தில்தான். இப்படி வந்த அனுபோகத்தைத் தற்காப்பாக மட்டுமின்றி, தாமே வழக்குத் தொடுக்கவும் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. அதே நீதிமன்றம் 2008-இல் இந்தச் சட்டத்தையே நியாயமற்றது என்று கடிந்திருந்தது. எனக்கு அந்தக் கடிதலில் பாதிதான் உடன்பாடு: பத்திரமில்லாமல் தலைமுறையாக உழுதவருக்கு வேறென்ன இருக்கிறது?

போக்கியமும் இதே குடும்பம்தான், குணம் மட்டும் வேறு. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக விளைச்சலைத் தின்கிறார். அனுமதியோடு தின்பதால், வெறுமனே வருடம் கடந்ததற்காக நிலம் அவருடையதாகிவிடாது. தொகையைத் திருப்பினால் காட்டைவிட்டு இறங்க வேண்டும். இறங்க மறுத்தாலும் உரிமையாளர் ஆளைக் கூட்டிப்போய் வேலியைப் பிடுங்க முடியாது. சட்டவழியன்றி வெளியேற்றப்பட்டவர், பட்டா யார் பேரில் இருந்தாலும், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம்.