லெட் இட் பி: ஓர் இசைத்தட்டும் அதன் பாடபேதங்களும்

இடைச்செருகல்களை நீக்கி மூலபாடத்தை மீட்டுத் தருவதே நல்ல பதிப்பு என்று இலக்கியம் பயின்ற நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஏட்டுச்சுவடிகளுக்கே உரியதென நாம் கருதும் இந்தச் சிக்கல், காந்த நாடாவில் பதிவான ராக் இசைத்தட்டு ஒன்றுக்கும் நேர்ந்தது. அதுவும் படைத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே. பீட்டில்ஸ் குழுவின் ‘லெட் இட் பி’ வெளிவந்த வரலாறு அது.

1969 ஜனவரி 2ஆம் நாள், லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புக் கூடத்தில் நால்வரும் கூடினர். ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டில் ஒலியின் மேல் ஒலியாக அடுக்கி உச்சம் கண்டவர்கள், இம்முறை எதிர்த்திசையில் செல்ல விரும்பினர். ஒட்டுவேலை இன்றி, சேர்ந்து வாசிப்பதை அப்படியே பதிய வேண்டும். அதைப் படமாகவும் எடுக்க வேண்டும். ‘கெட் பேக்’ என்று பெயரிட்டனர். ஜனவரி 10ஆம் நாள் ஜார்ஜ் ஹாரிசன் வெளியேறினார்; சில நாட்களில் திரும்பினார். பதிவு ஆப்பிள் நிறுவனத்தின் நிலவறைக்கு மாறியது. பில்லி ப்ரெஸ்டன் விசைப்பலகை வாசிக்க வந்து சேர்ந்தார். ஜனவரி 30ஆம் நாள் அக்கட்டடத்தின் மொட்டைமாடியில் வாசித்ததே அவர்கள் பொதுவெளியில் சேர்ந்து வாசித்த கடைசி முறை.

மலைபோல் குவிந்த நாடாக்களைத் தொகுக்கும் பொறுப்பு ஒலிப்பொறியாளர் க்ளின் ஜான்ஸிடம் வந்தது. பேச்சும் சிரிப்பும் தடுமாற்றமுமாக, நடந்தது நடந்தபடியே அவர் தொகுத்தார். 1969இல் ஒரு தொகுப்பு, 1970 ஜனவரியில் மற்றொன்று, இரண்டும் நிராகரிக்கப்பட்டன. இதற்கிடையே, பின்னர் பதிவான ‘அபே ரோட்’ 1969 செப்டம்பரிலேயே வெளிவந்துவிட்டது.

1970 மார்ச்சில் நாடாக்கள் ஃபில் ஸ்பெக்டரின் கைக்குப் போயின. ஏப்ரல் 1ஆம் நாள் அவர் மூன்று பாடல்களின் மேல் வாத்தியக் குழுவின் இசையை ஏற்றினார். பால் மெக்கார்ட்னி எழுதிய ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ அவற்றுள் ஒன்று. பியானோவோடு எளிமையாக நின்ற அப்பாடலை வயலின்களும் யாழும் பெண்குரல்களும் சூழ்ந்தன. மெக்கார்ட்னியைக் கேட்காமலே இது நடந்தது. அந்த ஒலிகளைக் குறைக்கும்படி ஏப்ரல் 14ஆம் நாள் நிர்வாகி ஆலன் க்ளைனுக்கு அவர் கடிதம் எழுதினார். பயனில்லை, மே 8ஆம் நாள் இசைத்தட்டு வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி அவர் தொடுத்த வழக்கில் இந்த மாற்றமும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. அதே பாடல்தான் அமெரிக்காவில் அவர்களுக்கு இறுதியாக முதலிடம் பெற்றுத் தந்தது என்பது விசித்திரம்.

2003இல் ‘லெட் இட் பி... நேக்கட்’ வந்தது. ஒப்பனையைக் களைந்த மூலம் இதுவே என்று அது தன்னை அறிவித்துக்கொண்டது. ஒப்பிட்டுக் கேட்டால் நமக்குத் தெரிவது வேறு. ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டது ஜனவரி 26ஆம் நாள் பதிவு. 2003இல் இடம்பெற்றது 31ஆம் நாள் பதிவு. பூச்சு அகற்றப்படவில்லை, சுவடியே மாற்றப்பட்டிருக்கிறது. 26ஆம் நாள் பதிவு, வாத்தியச் சேர்க்கை இன்றி, 1996இலேயே ‘ஆந்தாலஜி 3’ தொகுப்பில் வந்துவிட்டது. மேலும், மொட்டைமாடியில் இருமுறை வாசிக்கப்பட்ட ‘ஐவ் காட் எ ஃபீலிங்’ இதில் இரண்டையும் இணைத்து ஒன்றாக்கப்பட்டது. ஒட்டுவேலை கூடாது என்று தொடங்கிய திட்டத்தின் ‘தூய வடிவம்’ கணினி ஒட்டுவேலையால் உருவாயிற்று!

ஸ்பெக்டரின் பணியை ஜான் லெனன் வெளிப்படையாகவே ஆதரித்துப் பேசியவர். 1980இல் மறைந்த அவர் 2003ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மறுமொழி சொல்ல இயலாது. நால்வர் சேர்ந்து ஆக்கியதில் ஒருவரின் விருப்பம் மட்டுமே மூலபாடம் ஆகுமா? பாடல் மெக்கார்ட்னியுடையது, அவரைக் கேட்காமல் மாற்றியது அநீதிதான். ஆனால் உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் பழகிய வடிவத்தைப் போலி என்று தள்ளிவிட அந்த அநீதி போதாது.

2021இல் வெளிவந்த பெருந்தொகுப்பில் க்ளின் ஜான்ஸின் தொகுப்பும் முறைப்படி இடம்பெற்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அதுவே முதல் நோக்கத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. தடுமாற்றங்களை அது மறைக்கவில்லை. எனினும் அதற்கும் நாம் மூலபாடம் என்று முடிசூட்ட வேண்டியதில்லை. படைத்தவர்களே ஏற்காத பாடம் அது. இங்கே இருப்பவை பாடபேதங்கள் மட்டுமே. ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அழிப்பதைவிட, எல்லாவற்றையும் அருகருகே வைத்துக் கேட்பதே நேர்மையான வாசிப்பாகும்.