வேட்டை இறைச்சியில் கலக்கும் ஈயம்

குண்டு பட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டால் வேட்டை இறைச்சியில் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆசிரியர் கலாசாலையில் ஈயத்தைப் பற்றிப் படிப்பிக்கும்போது, அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் 2008இல் நடந்ததை நான் சொல்வதுண்டு.

அங்கே வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கென மான் இறைச்சியை நன்கொடையாகக் கொடுப்பார்கள். அப்படி வந்த சுமார் 100 பொதிகளை ஒரு வைத்தியர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் உலோகத் துகள்கள்! அரைத்த இறைச்சியை விநியோகிக்க வேண்டாமென மாநில சுகாதாரத் திணைக்களம் அறிவித்தது.

வேகமாகப் பாயும் ஈயக்குண்டு உடலுக்குள் சிதறுகிறது. காயத்திலிருந்து தள்ளியும் தெறிக்கும் அதன் நுண்துகள்கள் கண்ணுக்கோ நாக்குக்கோ அகப்படாதவை. சமைத்தாலும் ஈயம் அழியாது. வினாகிரி சேர்த்தால் இன்னும் அதிகமாகக் கரையும்.

பின்னர் அங்கே 738 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. வேட்டை இறைச்சி உண்டவர்களிடம் ஈயம் சற்றே கூடுதல்; அன்று அபாயமெனக் கருதப்பட்ட அளவை எவரும் எட்டவில்லை. இதில் ஆறுதலடைய என்னால் முடியவில்லை. பிள்ளைகளின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவென்று ஒன்று கிடையாது.

கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டை முற்றாகத் தடை செய்துள்ளது. அங்கே செப்புக்குண்டு பாவிக்கிறார்கள். வட டகோட்டாவோ, ஈயக்குண்டால் வீழ்த்திய மானைக் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் உண்ண வேண்டாம் என ஆலோசனை மட்டும் சொன்னது. தானமாகப் பொதியை வாங்கும் தாய், எந்தக் குண்டென்று யாரிடம் கேட்பாள்?