மாற்றுத்திறனாளிகளுக்கான பெரும் விளையாட்டுப் போட்டிகளின் சமூகத் தாக்கம்

பாராலிம்பிக் போட்டிகள் மருத்துவமனை வளாகத்தில் தோன்றியவை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுவடக் காயப் பிரிவை நடத்திவந்த மருத்துவர் லுட்விக் குட்மன், 1948 ஜூலை 29 அன்று சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, இத்தகைய காயமுற்றோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறப்பர் என்றே கருதப்பட்டது. குட்மன் விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். 1960இல் ரோமில் நடைபெற்றது முதல் பாராலிம்பிக் எனக் கொள்ளப்படுகிறது.

ஜப்பானில் நிகழ்ந்த மாற்றம்

இப்போட்டிகளால் சமூகத்தில் ஏற்படக்கூடிய மாற்றத்திற்கு 1964 டோக்கியோ பாராலிம்பிக் தெளிவான சான்றாகும். அதில் பங்கேற்ற ஜப்பானியருள் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் வாழ்ந்தவர்கள். மேலை நாடுகளிலிருந்து வந்தவர்களுள் பலரோ வேலை பார்த்தனர். மணம் புரிந்து குடும்பம் நடத்தினர். காயத்தின் தன்மை ஒன்றாக இருந்தும் வாழ்க்கை வேறாக இருந்தது. ஜப்பான் அணிக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் யுதாக்கா நகமுரா இதற்குத் தீர்வாக வேலைவாய்ப்பையே கருதினார். 1965இல் பெப்பு நகரில் 'தாயோ நோ இயே', அதாவது 'சூரிய இல்லம்', என்னும் அமைப்பை நிறுவினார். தருமம் வேண்டா, வாய்ப்பு வேண்டும் என்பதே அதன் கொள்கை. பின்னர் ஓம்ரான், சோனி, ஹோண்டா ஆகிய நிறுவனங்கள் அதனுடன் இணைந்து, மாற்றுத்திறனாளிகள் ஊதியத்திற்குப் பணிபுரியும் தொழிற்சாலைகளைத் தொடங்கின. போட்டி நடந்ததோ சில நாள்களே. அதன் பயன் நீடித்ததற்கு அதற்குப்பின் நடந்த பணியே காரணம்.

எதிர்பாராத விளைவுகள்

2012 லண்டன் போட்டியின்போது ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி, வீரர்களை 'அதிமனிதர்' என விளம்பரப்படுத்தியது. பார்வையாளர் பெருகினர். ஆயினும், அதே காலத்தில் உதவித்தொகைக்கான தகுதி மதிப்பீடு கடுமையாக்கப்பட்டதை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கினர். அரங்கில் கைதட்டல் பெறும் ஒருவரை அளவுகோலாக வைத்து, நாள்பட்ட வலியுடனோ வெளியில் தெரியாத குறைபாட்டுடனோ வாழ்பவரை 'முயலாதவர்' எனக் கருதும் போக்கும் உண்டு.

பராமரிப்பாளர்கள் இதில் கவனமாக இருத்தல் நலம். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றது பலருக்கு ஊக்கமளித்தது. எனினும், "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று நோயாளியிடம் கேட்பது ஊக்கமாகாது. அவர் எதை விரும்புகிறார் என்று கேளுங்கள். அது விளையாட்டாகவே இருக்க வேண்டியதில்லை.

விளையாட விரும்புவோர் முதலில் மறுவாழ்வு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ அணுக வேண்டும். கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலே இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். கடும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால் விளையாட்டை நிறுத்தி, நிமிர்ந்து அமரச் செய்து, சிறுநீரை வெளியேற்ற உதவி, உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.