இழைப்புளியும் ஒரு சரித்திரம்

தோட்டச் சரித்திரம் என்றால் காடு வெட்டியவரையும் பால் வெட்டியவரையும் சொல்லுவோம். லயத்துக்குக் கதவு, சன்னல் செய்த தச்சுக்காரரை யார் நினைக்கிறோம்? அவருடைய சாமான்கள்தான் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் அப்படியொரு கடையில் துருப்பிடித்த ஸ்டான்லி இரும்பு இழைப்புளி கிடைத்தால், அலகுக்குப் பின்னாலுள்ள அடித்தட்டைப் பாருங்கள். 1902ஆம் ஆண்டுத் தேதி இரண்டும் 1910ஆம் ஆண்டுத் தேதி ஒன்றும் வார்த்திருக்கிறதா? அவை அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தேதிகள், சாமான் செய்த தேதிகளல்ல. மூன்றும் இருந்தால் ஏறக்குறைய 1910க்கும் 1918க்கும் இடையில் செய்தது. கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போனதே 1909இல்தான். இங்கே ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம் அது! அலகில் இதய வடிவ முத்திரை இருந்தால் அந்த அலகு 1920க்குப் பிந்தியது. ஆனால் அலகை மட்டும் நம்பக்கூடாது, தேய்ந்தால் மாற்றிவிடுவார்கள்.

பக்கத்திலேயே குறுக்குக் கம்பு செருகிய சீன மர இழைப்புளியும் கிடக்கும். அதில் தேதியே இருக்காது. கைபட்டு வழுவழுத்துப்போன கம்புதான் சாட்சி.

மரத்தில் எழுத்து ஏதும் வெட்டியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அது ஒருவருடைய பெயராக இருக்கலாம். தாத்தாவின் உளிப்பெட்டி வீட்டில் இருக்கிறதா? விற்பதானாலும் விற்றுக்கொள்ளுங்கள், யாருடையது, எந்தத் தோட்டம் என்று முதலில் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். கடைக்காரருக்கு அது தெரியாது.