அம்மம்மாவின் கதைகளுக்கு ஒரு முகவரி

அம்மம்மா சொன்ன கதைகளையும் சமையல் குறிப்புகளையும் சேர்த்து, எங்கள் குடும்பத்துக்கென்று வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் செய்திருந்தேன். ஒருநாள் 'கதைகள்' பிரிவின் முகவரியைக் கொஞ்சம் அழகாக மாற்றினேன். அடுத்த நாளே மச்சாளிடமிருந்து மெசேஜ்: "லிங்க் திறக்குதில்லை. எல்லாத்தையும் அழிச்சிட்டியா?"

கதைகள் பத்திரமாகத்தான் இருந்தன. ஏன் இப்படி நடந்தது என்று தேடப்போய் ஒரு வரலாறே கிடைத்தது.

மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்தார்கள். அதுதான் 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் ஆனது. நாட்குறிப்புப் போல எழுதுபவர்களுக்கான கருவி என்பதால், அதற்குத் தெரிந்தது திகதி போட்ட 'பதிவு' மட்டுமே. 2005இல் 'பக்கம்' வந்தது. அப்போதும் சமையல் குறிப்பு, கதை, புத்தகம் எல்லாம் ஒரே சாக்குக்குள்தான். பிரித்தறிய ஒரு பிரிவுப் பெயரை ஒட்டிவிடுவார்கள்.

2010 ஜூனில் வந்த 3.0 பதிப்புதான் இதை மாற்றியது. 'கதை', 'சமையல்' என்று உள்ளடக்க வகைகளை நாமே உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியும் தனிப் பிரிவுகளும் கொடுப்பது அதற்குப் பிறகு சுலபமாயிற்று. வித்தியாசம் இதுதான்: ஒடியல் கூழ் என்றைக்கும் சமையல் குறிப்பு. அது அதன் வகை. ஆனால் இன்றைக்கு 'மழைக்காலம்' பிரிவில் இருப்பது நாளைக்கு 'ஊர்ச் சாப்பாடு' பிரிவுக்குப் போகலாம்.

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே, முகவரிகளை மாற்றாதீர்கள், தலைப்புவாரியான பிரிவுகளை அதற்குள் வைப்பதிலும் கவனம் என்று எழுதிவிட்டார். ஒரு பதிவின் முகவரிப் பெயரை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்து வாசகரைப் புதிய இடத்துக்கு அனுப்பும். பிரிவின் பெயருக்கு அந்த உதவி இல்லை. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். புள்ளியும் காலும்கூடத் தனிக் குறிகள். 'அம்மா' மட்டுமே 45! அந்தப் பெயருக்கான இடமோ 200. நான் ஆசையாக வைத்த 'எங்கள் அம்மம்மா சொன்ன ஊர்க் கதைகள்' பாதியில் வெட்டுப்பட்டது அதனால்தான்.

இப்போது வகையின் முகவரி வெறும் 'கதை'. பிரிவுக்குப் பழைய பெயரையே திரும்பப் போட்டுவிட்டேன். மச்சாளின் லிங்க் திறக்கிறது.